மாமாவின் ரிவால்வரும் மக்கர் பண்ணிய டிரிக்கரும்!

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறவர்களுக்கு 'எப்படி?' என்ற சொல்தான் சோறு போடுகிறது. ஆதாரில் முகவரி மாற்றுவது எப்படி, மாடித்தோட்டத்தில் மாவுப்பூச்சியை விரட்டுவது எப்படி, ஒரே நாளில் பட்டா வாங்குவது எப்படி என்று தினமும் நாலு 'எப்படி' எழுதுகிறேன். 2024 ஜூலை 29-ம் தேதி காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜாக வந்த 'எப்படி'க்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

"ஆத்தா, இந்த ரிவால்வர் டிரிக்கரை வழவழன்னு பாலிஷ் போட்டு லேசாக்குறது எப்படின்னு யூடியூப்ல ஒரு வெள்ளக்காரன் சொல்றான். இங்கிலீஷு ரொம்ப வேகமா இருக்கு. கேட்டுட்டு எனக்குத் தமிழ்ல சொல்லேன்."

பேசியது என் தாய்மாமா. ஊர் அரிமளம். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பணம் கொண்டுபோகும் வேனில் கன்மேன். இடுப்பில் இருப்பது அவருடைய சொந்த ரிவால்வர், சொந்த லைசென்ஸ்.

முந்தின நாள்தான் மனு பாக்கர் பாரிஸில் வெண்கலம் வென்றிருந்தார். எங்கள் டெஸ்க்கில் அன்றைக்கு ஒருவரும் நிமிரவில்லை. மாமா அதை டி.வி-யில் பார்த்திருக்கிறார். எல்லோரும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க, மாமா விரலைப் பார்த்திருக்கிறார். "சும்மா பூவைத் தொடுற மாதிரி தொடுதாத்தா அந்தப் பிள்ளை. டப்புனு வெடிக்குது. நான் இங்க மாட்டை இழுக்குற மாதிரி இழுக்க வேண்டியிருக்கு!"

மாமாவின் ஒப்பீட்டில் ஒரு நியாயமும் ஒரு அநியாயமும் இருக்கிறது. மனு வெண்கலம் வாங்கியது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். அதில் வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்றுதான் ஈயக்குண்டைத் தள்ளும். அந்தப் போட்டியில் டிரிக்கரின் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்று விதி. போட்டிக்கு முன்னால் பிஸ்டலைச் செங்குத்தாகப் பிடித்து, டிரிக்கரில் அரைக் கிலோ எடைக்கல்லை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். கல் மேலே எழும்வரை டிரிக்கர் விழாமல் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். 25 மீட்டர் பிஸ்டல் போட்டியென்றால் 1,000 கிராம். அரைக் கிலோ என்பது ஒரு பாக்கெட் பால். அதற்கு 'பூவைத் தொடுவது' என்று மாமா சொன்னது சரியான உவமைதான்.

மாமாவுடையது கான்பூரில் உள்ள சிறு ஆயுதத் தொழிற்சாலையில் செய்த பாயின்ட் 32 ரிவால்வர். வெள்ளைக்காரன் காலத்து வெப்லி ரிவால்வரின் வம்சம். ஆறு தோட்டா, நடுவில் மடக்கித் திறக்கலாம். நம் நாட்டில் லைசென்ஸ் வைத்திருக்கும் ஏராளமானவர்களின் பீரோவில் இருப்பது இதுதான். கெட்டியான டிரிக்கருக்குப் பேர்போனதும் இதுதான்.

அது ஏன் கெட்டி? துப்பாக்கியை சினிமாவில் மட்டுமே பார்த்த என் போன்றவர்களுக்காக மாமா சொன்ன விளக்கத்தையே எழுதுகிறேன். ரிவால்வரில் டிரிக்கரை இழுக்கும்போது ஒரே விரல் மூன்று வேலை செய்கிறது. தோட்டா இருக்கும் உருளையை அடுத்த அறைக்குச் சுற்ற வேண்டும். பின்னால் இருக்கும் சுத்தியலை, அதன் ஸ்பிரிங் முறுக்கை எதிர்த்துத் தூக்க வேண்டும். கடைசியில் அந்தச் சுத்தியலை விடுவிக்க வேண்டும். இப்படி இழுக்கப் பொதுவாக நாலைந்து கிலோ பலம் தேவைப்படும். கட்டைவிரலால் சுத்தியலை முன்னாடியே பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டால் டிரிக்கருக்கு மூன்றாவது வேலை மட்டும்தான் மிச்சம். அப்போது பாதிக்கும் குறைவான பலம் போதும். ரஜினி படத்தில் வில்லன் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு வசனம் பேசுவாரே, அந்த க்ளிக் இதுதான்.

"அப்ப கட்டைவிரலாலயே இழுத்து வெச்சு சுடுங்களேன் மாமா?"

"வேன்ல பணம் இறக்குறப்ப எவனாச்சும் வந்து நின்னா, 'தம்பி கொஞ்சம் இரு'ன்னு சொல்லிட்டா இழுக்க முடியும்?"

அதுவும் சரிதான்.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். புதுக்கோட்டையில் பஸ் ஏறினால் அரிமளம் வரை ஜன்னலோரம் தைலமரக்காடுதான். மழை பெய்தால் அந்த வாசம் பஸ்ஸுக்குள்ளேயே வரும். ஊரைச் சுற்றி நிற்கும் அந்த மரங்கள் தண்ணீரை உறிஞ்சுகின்றன என்று சண்டை போட்ட விவசாயிகளில் மாமாவும் ஒருவர். அது தனிக்கதை.

வீட்டில் மாமா எல்லாவற்றையும் தயாராக எடுத்து வைத்திருந்தார். ஆயிரம் நம்பர் உப்புத்தாள் இரண்டு. சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய சின்ன ஸ்க்ரூடிரைவர். ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ். தையல் மிஷின் எண்ணெய். முக்கியமாக ஒரு டப்பா பிராசோ. ராணுவத்தில் பெல்ட் பக்கிளையும் தொப்பி வில்லையையும் இருபத்தெட்டு வருடம் பிராசோ போட்டுத் தேய்த்தவருக்கு, உலகத்தில் பிராசோவால் தீராத பிரச்னை என்று ஒன்று இருப்பதாகவே தோன்றாது. அத்தையின் குத்துவிளக்கு முதல் என் சைக்கிள் மணி வரை எல்லாவற்றையும் அவர் ஒருமுறையாவது தேய்த்திருக்கிறார். ரிவால்வர் மட்டும்தான் பாக்கி. அதை இன்னும் கழற்றவில்லை. என் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தது.

இது மாமாவுக்கு விளையாட்டு இல்லை. அந்த ஜூலை மாதம் வேலை பார்க்கும் இடத்தில் எல்லா கன்மேன்களையும் சுடும் பயிற்சிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். மாமா சுட்ட குண்டுகள் பாதிக்கு மேல் அட்டையின் இடது பக்கமாக, கீழே போயின. மேற்பார்வையாளர், "அடுத்த முறையும் இப்படின்னா உங்களை கேட்டுக்கு மாத்திடுவாக அண்ணே" என்று சொல்லியிருக்கிறார். கேட் என்றால் துப்பாக்கி இல்லாத வாட்ச்மேன். மாதம் ஆறாயிரம் ரூபாய் குறையும். அவர் மகள், என் மாமா பெண், அப்போதுதான் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம் போயிருந்தாள். அவளுடைய ஹாஸ்டல் பணமும் ஏறக்குறைய அந்த ஆறாயிரம்தான்.

வலது கையால் சுடுகிறவரின் குண்டு இடப்பக்கம் கீழே போகிறது என்றால், டிரிக்கரை அழுத்தாமல் 'வெடுக்'கென்று இழுக்கிறார் என்று அர்த்தம். இதைச் சொன்னதும் மாமாதான். விரல் மட்டும் நகர வேண்டிய இடத்தில் மணிக்கட்டே சேர்ந்து சாய்கிறது. டிரிக்கர் எவ்வளவு கனமோ அவ்வளவு சாய்வு. "இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் பசங்களுக்கு இதச் சொல்லிக்குடுத்தவன்தாத்தா. பிழியணும், இழுக்கக் கூடாதுன்னு. இப்ப எனக்கே இழுத்துக்கிட்டுப் போகுது. இது துப்பாக்கி கோளாறுதான்."

அவர் துப்பாக்கியைச் சந்தேகப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வருடம் நாடாளுமன்றத் தேர்தல். மார்ச் 16-ம் தேதி தேதி அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. ஒவ்வொரு தேர்தலுக்கும் நடப்பதுதான். நம்மூரில் பயிர்க்காவலுக்கு நாட்டுத்துப்பாக்கி வைத்திருக்கும் பெரியவர்கள்கூட அதைச் சாக்கில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு போவதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஜூன் மாதம் ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் மாமாவின் ரிவால்வர் திரும்பி வந்தது. ஏறக்குறைய மூன்று மாதம் அது அவர் கையில் இல்லை. வந்த பிறகு இழுத்துப் பார்த்தால் கனமாக இருக்கிறது. மூன்று மாதம் சும்மா கிடந்து உள்ளே துரு ஏறிவிட்டது என்று மாமா முடிவு கட்டிவிட்டார்.

நான் வீடியோவைப் போட்டேன். அமெரிக்காக்காரர் ஒருவர் தன் கேரேஜில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் பேசுகிறார். பேச்சின் பாதி, 'இதை நீங்கள் செய்யாதீர்கள்' என்பது. மாமா ஃபாஸ்ட் ஃபார்வர்டு செய்திருந்தது அந்தப் பாதியைத்தான்.

எனக்குப் புரிந்ததை மாமாவுக்குப் புரியும்படி கிணற்றை வைத்துச் சொன்னேன். தண்ணீர் இறைக்கும்போது கை வலிப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வாளி கனம். இன்னொன்று, ராட்டினம் கிறீச்சிடுகிறது. டிரிக்கரில் ஸ்பிரிங்கின் விறைப்புதான் வாளி. இரும்போடு இரும்பு உரசும் இடங்கள் ராட்டினம். பாலிஷ் போடுவது ராட்டினத்துக்கு எண்ணெய் விடுகிற மாதிரி. சொரசொரப்பு போகும், இழுப்பு தட்டுத்தடங்கல் இல்லாமல் வரும். ஆனால், வாளியின் கனம் அப்படியேதான் இருக்கும். அதையும் குறைக்க ஆசைப்பட்டு ஸ்பிரிங்கை வெட்டினால், வாளியைச் சின்னதாக்கிய கதைதான், தண்ணீரும் குறையும். சுத்தியல் தோட்டாவின் அடியில் மெதுவாக விழும். வெடிக்க வேண்டிய நேரத்தில் 'டிக்' என்று சத்தம் மட்டும் வரும். காவல் வேலை பார்க்கிறவருக்கு அதைவிட ஆபத்து வேறென்ன?

உரசும் இடங்களிலும் எல்லா இடமும் ஒன்று இல்லை. சுத்தியலைப் பின்னால் பிடித்து வைத்திருக்கும் ஒரு சின்ன விளிம்பு இருக்கிறது. கதவுத் தாழ்ப்பாளின் நுனி மாதிரி. அந்த விளிம்பின் கோணம் ஒரு மயிரிழை மாறினாலும், வட்டமாகத் தேய்ந்தாலும், தாழ்ப்பாள் நிற்காது. கீழே விழுந்தால், எதிலாவது இடித்தால், தானாகவே சுத்தியல் விழுந்துவிடும். இன்னொன்று, பல துப்பாக்கிகளில் இந்தப் பாகங்களின் மேல்தோல் மட்டும்தான் கடினமாக்கப்பட்டிருக்கும். உப்புத்தாளால் அந்தத் தோலை உரித்துவிட்டால் உள்ளே இருப்பது மெத்து இரும்பு. இன்றைக்கு வழவழப்பாக இருக்கும். ஆறு மாதத்தில் தானே தேய்ந்து எங்கேயோ போய் நிற்கும்.

மாமா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிராசோ டப்பாவின் மூடியை மட்டும் இறுக்கி மூடினார்.

சட்டத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை வைத்திருக்க ஒரு லைசென்ஸ் என்றால், துப்பாக்கியைப் பழுதுபார்க்க இன்னொரு லைசென்ஸ். அது இல்லாமல் செய்தால், 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் ஏழு வருடம், அதிகபட்சம் ஆயுள். "ஏத்தா, என் துப்பாக்கி, நான் வாங்குனது. நான் துடைக்கக் கூடாதா?" என்றார். துடைக்கலாம். எண்ணெய் போடலாம். உள்ளே திறந்து பாகத்தை அராவுவதைத் 'துடைத்தேன்' என்று கலெக்டர் ஆபீஸில் சொல்லிப் பாருங்கள் என்றேன். லைசென்ஸைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் அந்த ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்த அனுபவம் மாமாவுக்கு உண்டு. அதற்குமேல் அவர் பேசவில்லை.

அத்தை பேசினார். சமையல்கட்டிலிருந்து வெளியே வராமலே பேசினார். "அந்த நார்த்தாமலைப் பிள்ளைய மறந்துட்டாக போல."

புதுக்கோட்டை மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாத நாள் அது. 2021 டிசம்பர் 30. நார்த்தாமலை அருகே உள்ள பயிற்சித் தளத்தில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் சுட்டுப் பழகிக்கொண்டிருந்த நேரம். தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ம் தேதி அவன் இறந்துபோனான். அதற்கும் ரிவால்வர் டிரிக்கருக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால், அன்றிலிருந்து அத்தைக்குத் துப்பாக்கி என்றாலே, அது தான் போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போகாத சாமான். பீரோவின் மேல்தட்டில் இருந்த ரிவால்வர், பூட்டு போட்ட இரும்புப் பெட்டிக்கு மாறியது அதற்குப் பிறகுதான். தோட்டா வேறு அறையில். சாவி அத்தையிடம். காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது மாமா போய்க் கேட்டு வாங்க வேண்டும்.

கெட்டியான டிரிக்கருக்கும் அத்தையின் சாவிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ரிவால்வர்களில் பெரும்பாலும் விரலால் தள்ளிவிடும் சேஃப்டி பூட்டு கிடையாது. அந்த நாலைந்து கிலோதான் பூட்டு. உறைக்குள் கை விடும்போது விரல் பட்டால், படபடப்பில் கை நடுங்கினால், வெடிக்காமல் காப்பது அதுதான். மனு பாக்கரின் பிஸ்டல் நிற்கும் இடத்தில் எதிரே இலக்கு மட்டும்தான். மாமா நிற்கும் இடத்தில் பேங்க் வாசல், இளநீர் வண்டி, ஸ்கூல் பிள்ளைகள்.

போட்டித் துப்பாக்கியும் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று சொல்ல முடியாது. டோக்கியோ ஒலிம்பிக் நினைவிருக்கிறதா? 2021 ஜூலை 25. இதே மனு பாக்கரின் பிஸ்டலில் ஒரு லீவர் முறிந்துபோனது. சரிசெய்து திரும்புவதற்குள் இருபது நிமிடம்போலக் கரைந்துவிட்டது. அவசர அவசரமாக மீதியைச் சுட்டு 575 புள்ளிகள், 12-வது இடம். இறுதிச்சுற்றுக்கு இரண்டே புள்ளிதான் குறைவு. கைவிரல் அளவு இரும்புத்துண்டு, மூன்று வருடம் அவரைக் காக்க வைத்தது. பாரிஸில் அவருக்குப் பயிற்சியாளராக இருந்த ஜஸ்பால் ராணா, 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டலில் 590 புள்ளிகள் எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தவர். அது பாயின்ட் 32 வகைத் தோட்டாக்களை வைத்துச் சுடும் போட்டி என்று சொன்னதும் மாமாவின் முகம் மலர்ந்தது. "நம்ம தோட்டாதானே!"

அந்த வாரம் மாமாவுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர் குடும்பத்தின் பிருத்விராஜ் தொண்டைமான் அதே பாரிஸில் டிராப் பிரிவில் சுட்டார். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் போட்டி. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கினான் செனாய், ஸோராவர் சிங் சந்துவோடு சேர்ந்து அணிப் பிரிவில் தங்கம் வென்றவர். பாரிஸில் பதக்கம் கிடைக்கவில்லை. டீக்கடையில் மாமா அதற்காக ஒரு மணி நேரம் வாதாடியிருக்கிறார். நடிகர் அஜித் 2022 ஜூலையில் மாநிலப் போட்டிக்காகத் திருச்சிக்கு வந்தபோது கூடிய கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தத் தங்கத்துக்குக் கூடவில்லையே என்பது அவர் ஆதங்கம். அப்போது டிப்ளமோ படித்துக்கொண்டிருந்த நானும் அஜித்துக்காகப் போன கூட்டத்தில் ஒருத்தி என்பதை மாமாவிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டேன். லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, குண்டு இல்லாத ரிவால்வரோடு, பழுதுபார்க்க உரிமம் உள்ள ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடை என்றதும் நான் கற்பனை செய்தது வேறு. இது ஒரு பழைய வாட்ச் ரிப்பேர் கடை மாதிரி இருந்தது. வயதான ஒருவர், கண்ணில் பூதக்கண்ணாடி, மேஜையில் பச்சைத் துணி. ரிவால்வரை மடக்கித் திறந்து, ஆறு அறையும் காலி என்று பார்த்து, எங்களிடமும் காட்டி, பிறகுதான் மூடினார். ஓட்டை விழுந்த பழைய தோட்டாக்கூடு போல ஒன்றை உள்ளே போட்டுக்கொண்டார். வெறுமனே இழுத்துப் பார்க்கும்போது ஊசி அடிபடாமல் இருக்க அந்தப் பொய்த்தோட்டா. நாலைந்து முறை மெதுவாக இழுத்தார். காதுக்குப் பக்கத்தில் வைத்து இழுத்தார். மீன்கடைத் தராசு போன்ற ஒரு ஸ்பிரிங் தராசை டிரிக்கரில் மாட்டி இழுத்து, முள்ளைப் பார்த்தார்.

"இந்தத் துப்பாக்கி எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவுதான் இருக்கு. உள்ள துரு இல்ல. சொரசொரப்பும் இல்ல. நல்லா வெச்சிருக்கீங்க."

"இல்லீங்க, முன்ன இவ்வளவு கனமில்ல."

பெரியவர் ரிவால்வரைப் பச்சைத் துணியில் வைத்தார். "நீங்க இழுங்க, பாப்போம்."

மாமா இழுத்தார். விரல் பாதி தூரம் போய் நின்றது. பிறகு வெடுக்கென்று ஒரு குதி குதித்தது. சுத்தியல் விழும் சத்தத்துக்கு முன்னாலேயே இன்னொரு 'டக்' கேட்டது. அது ரிவால்வரிலிருந்து வரவில்லை.

"துப்பாக்கிக்கு ஒண்ணும் இல்லீங்க. கையைக் காட்டுங்க." மாமாவின் ஆள்காட்டி விரலை மடக்கி நீட்டச் சொன்னார். மடக்கிய விரல் திரும்பவில்லை. இடது கையால் பிடித்து நீட்டியபோது மறுபடியும் அதே 'டக்'. "இதுக்கு நான் பாலிஷ் போட முடியாது. டாக்டர்தான் போடணும்" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது அத்தைக்கு போன் போட்டேன். "அத நான் மூணு மாசமாச் சொல்றேனே! காலையில சட்டை பட்டன் போட முடியல. டம்ளரைப் பிடிச்சா விட முடியல. கேட்டா, குளிர்லங்குறாக. மே மாசம் என்ன குளிரு?"

துப்பாக்கி அவர் கையில் இல்லாத அந்த மூன்று மாதத்தில் மாறியது துப்பாக்கி இல்லை. விரல்.

எலும்பு மருத்துவர் பெயரைச் சொன்னதும் மாமாவே சிரித்துவிட்டார். நோயின் பெயரே 'டிரிக்கர் ஃபிங்கர்'. துப்பாக்கி சுடுவதால் வருவதில்லை. விரல் மடங்கி நின்று, டிரிக்கரை விட்டதுபோல் சட்டென்று விடுபடுவதால் அந்தப் பெயர். விரலை மடக்கும் தசைநார், விரல் எலும்பை ஒட்டி வரிசையாக இருக்கும் வளையங்களுக்குள் கயிறு மாதிரி ஓடுகிறது. உள்ளங்கையில் விரல் தொடங்கும் இடத்தில் இருக்கும் முதல் வளையம் தடித்துப்போனால், அல்லது நாரில் ஒரு முடிச்சு விழுந்தால், கயிறு சிக்கிக்கொள்ளும். காலையில் எழுந்ததும் அதிகம். கட்டைவிரலிலும் மோதிர விரலிலும்தான் அதிகம் வருமாம். பொதுவாக நூற்றில் இரண்டு, மூன்று பேருக்கு வருவது, சர்க்கரை உள்ளவர்களில் பத்துப் பேர் வரைக்கும்கூட வருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட விரலிலும் வரும். மாமாவுக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. வளர்ந்து வரும் நடுவிரலும் லேசாகத் தட்டுகிறது என்று மருத்துவர் தடவிப் பார்த்துச் சொன்னார்.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. முதலில் ஓய்வு, இரவில் விரலை நேராக வைத்திருக்கும் சின்னக் கட்டை. சரியாகவில்லை என்றால் வளையம் இருக்கும் இடத்தில் ஸ்டீராய்டு ஊசி. அதற்கும் கேட்கவில்லை என்றால், உள்ளங்கையில் மரத்துப்போக ஊசி போட்டு, சிறு கீறல் போட்டு, வளையத்தைத் திறந்துவிடுவார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். சர்க்கரை உள்ளவர்கள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள்கள் சர்க்கரை ஏறும். அதனால் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊசி பலிக்கும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டில் பெரியவர்கள் யாராவது காலையில் விரலைப் பிடித்து நீட்டிக்கொண்டிருந்தால், 'வயசாச்சு' என்று விட்டுவிடாமல் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மாமாவுக்கு அன்று முக்கியமாகத் தெரிய வேண்டியது ஒன்றுதான். "டாக்டர், நான் சுடலாமா?"

மருத்துவர் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார். "பாதி வழியில விரல் நின்னு, அப்புறம் அதுவா குதிக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. அந்த விரலை ரிவால்வர்ல வைக்கலாமான்னு நீங்களே சொல்லுங்க."

டிரிக்கரைப் பாலிஷ் போட்டு லேசாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நின்று குதிக்கும் விரல். அதற்குத் தோதாக, தொட்டால் விழும் டிரிக்கர். எதிரே இளநீர் வண்டி. மாமாவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். வெளியே வந்து மருந்துக்கடையில் நிற்கும்போது, "கேட்டு டூட்டிக்கே சொல்லிடுறேன்த்தா, கொஞ்ச நாளைக்கு" என்றார். ஹாஸ்டல் பணத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று இரவே அவர் மகளிடம் பேசியிருக்கிறார். அவள் அடுத்த மாதத்திலிருந்து ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் போய்வரத் தொடங்கினாள்.

முதல் ஊசி ஆகஸ்ட்டில் போட்டார்கள். நாலு நாள் சர்க்கரை முன்னூறைத் தாண்டி ஆட்டம் காட்டியது. அத்தை சாதத்தைக் குறைத்து, கேப்பைக் களியும் கீரையுமாகப் போட்டுத் தாக்கினார். ஆள்காட்டி விரல் இப்போது எண்பது சதவிகிதம் சரி என்கிறார் மாமா. நடுவிரலுக்கு இன்னும் கட்டை போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார். ரிவால்வர் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாவியை வாங்கி, எடுத்து, துடைத்து, எண்ணெய் போட்டு, திரும்ப வைக்கிறார். டிரிக்கரைத் தொடுவதில்லை.

அந்த உப்புத்தாள் வீணாகவில்லை. திண்ணையில் கிடந்த பழைய மர ஊஞ்சல் பலகையைத் தேய்க்க எடுத்துக்கொண்டார். மருத்துவர் விரலுக்கு லேசான வேலை கொடுக்கச் சொல்லியிருக்கிறாராம். போன வாரம் வீடியோ காலில் காட்டினார். பலகை நன்றாகவே வழவழவென்று இருந்தது. பக்கத்தில் அந்த பிராசோ டப்பாவும் திறந்திருந்தது. மரத்தில் அதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று அத்தை கேட்டுக்கொண்டிருக்கும்போதே லைன் கட்டாகிவிட்டது.